சம்பந்தி கொண்டுபோன அச்சு

கொழும்பு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, வேட்டிக்குள் சுற்றி வைத்திருந்த இரும்பைத் தூக்கினார். ஏழு கிலோ. தூக்கிய வேகத்தில் கை இறங்கியது. இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். வண்டியின் பின்அச்சு என்றேன். வண்டி எங்கே என்றார். மட்டக்களப்பில், மருமகனுடைய அம்மா வீட்டில் என்றேன். அவர் பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற தமிழ்ப் பெண் மெதுவாக மொழிபெயர்த்தார்: “எல்லாரும் சம்பந்தி வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோறாங்கள், இவர் இரும்பு கொண்டுபோறாராம்.” சிரித்து முடித்ததும் போகச் சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வாரத்தில் ஒரே தடவையில் முடிந்த வேலை அது ஒன்றுதான்.

நான் கோயமுத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்புகளுக்குத் தண்டு கடைந்து கொடுப்பது முப்பது வருடத் தொழில். என் மகள் கவிதா கட்டிக்கொண்டது மட்டக்களப்புப் பையனை. நிரோஷன் என்று பெயர். இருவரும் டொரண்டோவில் இருக்கிறார்கள். அவனுடைய அம்மா மங்களேஸ்வரி, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கத்தில் தன் வயலோடு தனியாக இருக்கிறார். வயல் என்றால் அவருடையது மட்டும் இல்லை. அங்கே பல பேருடைய வயல்கள் சேர்ந்த பரப்பை வட்டை என்கிறார்கள். அந்த வட்டைக்குக் குளத்துத் தண்ணீரை முறை வைத்துப் பங்கிடும் பொறுப்புக்கு வட்டவிதானை என்று பெயர். என் சம்பந்தியம்மா வட்டவிதானை. விவசாயிகள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள்.

சில வருடங்களுக்கு முன் விழுந்து அவருக்கு இடுப்பெலும்பில் அறுவை ஆகிவிட்டது. மேட்டில் கைத்தடியோடு நடப்பார். சேற்றில் முடியாது. அதனால்தான் அந்த ஏ.டி.வி. வண்டி வந்தது. மோட்டார் சைக்கிள் மாதிரி உட்கார்ந்து ஓட்டுகிற, கொழுத்த டயர்கள் நான்கு வைத்த பழைய ஜப்பான் வண்டி. ஊரில் அதை நாலுசில்லு என்பார்கள். அதில் ஏறித்தான் வாய்க்கால் நெடுகப் போய், முறை தப்பித் தண்ணீர் திருப்புகிறவர்களைப் பிடிப்பார். அதன் பின்அச்சு நாலு வருடத்தில் ஆறு தடவை உடைந்துவிட்டது.

ஆறாவது தடவை நிரோஷன் ஒரு நிபந்தனை போட்டான். இன்னொரு தரம் அச்சு உடைந்தால் காணியைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அம்மா டொரண்டோ வந்துவிட வேண்டும். அவரும் சரி என்றுவிட்டார். உடையாத அச்சு ஒன்றைச் செய்துகொண்டு போய் மாட்டி, நேரில் பார்த்துச் சொல்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அச்சு உடைந்தால் எனக்கு லாபம். கவிதாவுக்கு ஏழாம் மாதம். என் மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. பிரசவத்துக்கு ஒரு பெரிய மனுஷி பக்கத்தில் இருந்தால் எனக்குத் தூக்கம் வரும். ஆனாலும் இருக்கிற இரும்பிலேயே கெட்டியான இரும்பை எடுத்து, நிரோஷன் அனுப்பிய கம்பெனி அளவுப்படி கடைந்து, சூடேற்றிக் கடினமாக்கி, உடையாத அச்சைத்தான் செய்தேன். தொழில்காரன் கை வேறு மாதிரி செய்யாது.

முதல் நாள், செவ்வாய். காலையில் போய் இறங்கியதும் வேலையை ஆரம்பிக்கலாம் என்றேன். அடுத்த திங்கட்கிழமை தண்ணீர் முறை, செவ்வாய்க்கிழமை நான் திரும்ப வேண்டும்.

“களைச்சுப்போய் வந்திரிக்கிறீங்க. முதல்ல குளிங்க, சாப்பிடுங்க. அச்சு எங்கயும் ஓடாது” என்றார் சம்பந்தியம்மா.

குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன். என் அச்சு முன்கூடத்தில் ஒரு நாற்காலியில் இருக்கிறது. அடியில் புதுத் துண்டு விரித்து, பக்கத்தில் வெற்றிலைத் தட்டும் வைத்திருந்தார். சாப்பிட்டு முடிப்பதற்குள் அக்கம்பக்கத்திலிருந்து ஐந்தாறு பெண்கள் வந்து அச்சைப் பார்த்தார்கள். “சம்மந்தி கையோட கொண்டுவந்ததாம்” என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னார். எனக்குக் கூச்சமாக இருந்தது. கிரீஸ் தடவிய இரும்பு அது. துண்டு வீணாகிறதே என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை.

மெக்கானிக் பெயர் ரெஜி. டவுனில் இருக்கிறார், உடைந்த அச்சுகளைக் கடைந்தவரும் அவர்தான். சம்பந்தியம்மா போன் போட்டு என்னிடம் கொடுத்தார். “ஓம் அண்ணன், ஓம். பின்னேரம் வாறன்” என்றார் ரெஜி. சாயங்காலம் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆள் வரவில்லை. எருமைத்தயிர்தான் வந்தது. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர், மேலே வெல்லப்பாகு மாதிரி பாணி ஊற்றி. இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். கோபத்தில் சாப்பிட்டாலும் நன்றாக இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாம் நாள் ரெஜியை நம்பாமல் நானே அச்சைத் தோளில் வைத்துக்கொண்டு டவுனுக்கு பஸ் ஏறினேன். வாவிப் பாலத்தின் நடுவில் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். பஞ்சர் என்று நினைத்தேன். பாலத்தோரம் ஒருவர் இறால் விற்றுக்கொண்டிருந்தார். டிரைவர் வாங்கினார், கண்டக்டர் வாங்கினார், பிறகு பாதி பஸ் இறங்கி வாங்கியது. கைக்கடிகாரம் பார்த்தது நான் ஒருவன்தான். பக்கத்து இருக்கைப் பெண், “இதக் கொஞ்சம் பிடிங்க, பேத்திய எடுத்துட்டு வாறன்” என்று இறால் பையை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். ரெஜி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது என் பேண்டில் இறால் தண்ணீர் வடிந்திருந்தது. எங்கள் ஊர் பஸ்ஸில் சில்லறைக்காகச் சண்டை போடுவார்கள். ஆனால் பஸ் போகும்.

ரெஜிக்கு என் வயதுதான் இருக்கும். போர்த்துக்கீசர் வழி வந்த பறங்கியர் குடும்பம். வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. உள்ளே இருந்த மனைவியிடம் அவர்கள் வீட்டு மொழியில் ஏதோ கேட்டார். என்னிடம் திரும்பித் தமிழில் “பிளேன்டீ குடிப்பீங்கதானே” என்றார். பட்டறை சுத்தமாக இருந்தது, அதை முதலில் கவனித்தேன். அச்சை வாங்கி விரலால் தட்டிச் சத்தம் கேட்டார். அரம் எடுத்து ஓரத்தில் ஓர் இழுப்பு இழுத்தார். அரம் வழுக்கிக்கொண்டு போனது.

“நல்ல சாமான் அண்ணன். இப்பிடி ஒண்டு நான் காணல்ல.”

“அப்ப இன்னிக்கே மாட்டிரலாமுங்களா?”

“ஓம், மாட்டலாம்.” அச்சை பெஞ்சில் வைத்தார். தேநீர் குடித்தார். ஊர் வெயிலைப் பற்றிப் பேசினார். பிறகு, “பெரியகல்லாறில ஒரு அச்சு இரிக்கு. கம்பனிச் சாமான். அதையும் ஒருக்காப் பாத்துட்டு வந்தீங்கெண்டா நல்லம்” என்றார்.

“எதுக்குங்க? இதுதான் இருக்குதே.”

“பாத்துவைக்கிறது நல்லம்தானே.”

நான் அவரையே பார்த்தேன். அவர் அச்சைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அச்சில் தூசே இல்லை.

மூன்றாம் நாள் பெரியகல்லாறு போனேன். ஏன் போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சம்பந்தியம்மாவும் “போய்ப் பாத்துட்டு வாங்களன்” என்று சொன்னதுதான் காரணம். சம்பந்தி சொன்னால் மறுக்க முடியாது. கடற்கரையோரமாக நெடுந்தூரம். இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் வாவி, நடுவில் ரோடு. ரசிக்கிற மனநிலையில் நான் இல்லை.

சாமித்தம்பி என்கிற மீனவர் காட்டிய வண்டி நம்முடைய வண்டியின் அண்ணன் தம்பி மாதிரி, அதே கம்பெனி, அதே மாடல். கடற்கரை ஹோட்டல் ஒன்று தள்ளிவிட்டதை வாங்கி, தோணியைக் கரைக்கு இழுக்க வைத்திருந்திருக்கிறார். அச்சில் கை வைத்தால் துரு கையோடு வந்தது. நகத்தால் கீறினேன், பொரிந்து விழுந்தது.

“உப்புக் கொஞ்சம் திண்டிரிக்கு” என்றார் சாமித்தம்பி. “மத்தப்படி புதுச் சாமான்.”

“இது ஓடி எத்தனை நாளாச்சுங்க?”

“பத்து மாசம். இப்ப எட்டுப் பேர் சேந்துதான் தோணிய இழுக்கிற.”

கிளம்புகிறேன் என்றேன். விடவில்லை. நண்டுக்கறி ஆகிக்கொண்டிருந்தது. நண்டு ஆக ஒரு மணி நேரம், உடைத்துத் தின்ன ஒரு மணி நேரம். நண்டைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சாப்பிடும்போது அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை தவறி விழுந்தது. “ரெஜி போனெடுத்துச் சொன்னவர், அவசரப்படுத்தாம ஆறுதலாக் காட்டச் சொல்லி.”

எனக்குச் சுருக்கென்றது. அந்த ஆள் வேண்டுமென்றேதான் என்னை அலைய விட்டிருக்கிறார்! அவர் கடைந்த அச்சு ஆறு தடவை உடைந்தது. கோயமுத்தூர்க்காரன் அச்சு உடையாது. பொறாமை, வேறென்ன?

திரும்பும்போது குறுக்கு வழி என்று சொல்லி வாவியைப் படகில் கடக்கச் சொன்னார்கள். இரும்பு மிதவைமேல் பலகை அடித்து, மோட்டார் வைத்த பெரிய தெப்பம். மோட்டார் சைக்கிள்கள், ஒரு ஆட்டோ, இரண்டு ஆடுகள், நான். நடு வாவியில் மோட்டார் இறக்கையில் பாசி சுற்றிக்கொண்டு நின்றது. ஒருவர் குனிந்து பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். முதலை இருக்குமா என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன். “இரிக்கு. ஆனா இந்த நேரம் வராது” என்றார். ஆட்டுக்குக் கூட என்னைவிடப் பொறுமை இருந்தது.

நான்காம் நாள், வெள்ளி. ரெஜி “நாளைக்கு வாறன்” என்றார். காலையில் இடியப்பமும் மீன் சொதியும் வைத்துவிட்டு சம்பந்தியம்மா எதிரே உட்கார்ந்தார். அன்றைக்கு நான் பொறுமை இழந்தேன். சம்பந்தியிடம் சத்தம் போடக் கூடாது என்பதால், சத்தம் போடாமல் கோபப்பட்டேன். அது இன்னும் கஷ்டம்.

“ஏனுங்க, நான் ஊரிலிருந்து இதைச் சுமந்துட்டு வந்தது நாற்காலியில வச்சு அழகு பாக்கவுங்களா? திங்கட்கிழமை தண்ணி முறை. வண்டி இல்லைன்னா நீங்க எப்படிப் போவீங்க? கடைசி வயல்காரங்களுக்குத் தண்ணி போய்ச் சேருமா? உங்களுக்கு இங்கேயே இருக்கணுமா, வேண்டாமா?”

அவர் தட்டில் இருந்த இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

“இரிக்கத்தான் வேணும்” என்றார் கடைசியில். “அங்க போய் நான் என்ன செய்யிற? கண்ணாடிக்குள்ளால பனியப் பாத்துக்கொண்டு இரிக்கிறதா? இஞ்ச என்னைக் கண்டாப் பயப்பட நாலு பேர் இரிக்காங்க.” பிறகு போனை எடுத்தார். “ரெஜி, நாளைக்கு வந்து மாட்டுங்க. சம்மந்தி சொல்ற மாதிரியே செய்யுங்க.” அவர் குரல் தோற்றுப்போன குரலாக இருந்தது. எனக்கு ஏன் என்று புரியவில்லை. வேலை நடக்கப் போகிறது என்ற சந்தோஷத்தில் நான் அதை விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை சொன்ன நேரத்துக்கு ரெஜி வந்தார்! மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு சாக்கு மூட்டை கட்டியிருந்தார். அது என்ன என்று கேட்டதற்குச் சும்மா என்றார். வேலை தெரிந்த கை. அளவு சுத்தமாகப் பொருந்தியது. நான் பக்கத்தில் நின்று மார்தட்டாத குறை. “பாத்தீங்களா, ஒரு மயிரிழை கூட ஆட்டம் இல்லை” என்றேன். “ஓம் அண்ணன்” என்றார்.

சம்பந்தியம்மா கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார். வீட்டில் மெதுவாக நடக்கிற மனுஷி, வண்டியில் ஏறியதும் வேறு ஆள். வரப்போடு போய், வாய்க்கால் முனையில் இறங்கினார். இடதுபக்கப் பின்சக்கரம் சேற்றில் அமுங்கியது. முறுக்கினார். இன்னும் அமுங்கியது. இன்னும் முறுக்கினார். உள்ளே எங்கேயோ கடகடவென்று ஒரு சத்தம். பிறகு இன்ஜின் மட்டும் கத்தியது, சக்கரம் அசையவில்லை.

நாலு பேர் சேர்ந்து தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்தோம். நான் முதலில் அச்சைத்தான் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை, நேராக, பளபளவென்று இருந்தது. ரெஜி பின்பக்கக் கியர்ப்பெட்டியின் அடியில் இருந்த திருகாணியைக் கழற்றி எண்ணெயை வடித்தார். எண்ணெயோடு இரும்புத் துண்டுகள் அவர் உள்ளங்கையில் விழுந்தன. கியரின் பற்கள்.

“அச்சு உடையல்ல” என்றார் சம்பந்தியம்மா.

“ஓம்” என்றார் ரெஜி. “அது உடைஞ்சிரிக்கோணும் அக்கா.”

பிறகு போய்ச் சாக்கை அவிழ்த்துக் கொட்டினார். உடைந்த அச்சுகள் ஆறு. நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாம் மென்மையான இரும்பு. ஆறும் ஒரே இடத்தில் உடைந்திருந்தன. இடதுசக்கரத்துக்குப் பக்கத்தில், கியர்ப்பெட்டிக்கு வெளியே, சுற்றிவர ஒரு சின்னப் பள்ளம் கடைந்து கழுத்து மாதிரி ஒடுக்கி வைத்திருக்கிறார். சேற்றில் மாட்டி முறுக்கினால் ஏதோ ஒன்று உடைந்தே தீரும். கழுத்து வைத்த அச்சு உடைந்தால் வெளியே உருவிவிட்டு வேறொன்று செருகலாம், பட்டறையில் ஒரு பகலில் கடைந்துவிடலாம். கியர்ப்பெட்டி உடைந்தால் இலங்கை முழுக்கத் தேடினாலும் கடையில் கிடைக்காது.

எனக்குக் காது சூடாகிவிட்டது. என் பம்புகளில் இதே காரணத்துக்காக ஒரு பலவீனமான பூட்டுப்பின்னை நானே மாட்டி அனுப்புகிறேன். கல் சிக்கினால் அந்தப் பூட்டுப்பின் உடைய வேண்டும், தண்டு பிழைக்க வேண்டும். முப்பது வருடமாகச் செய்கிற வேலை. டவுன் பஸ்ஸில் தோளில் சுமந்து போனபோது ஒரு தடவையாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

“ஏனுங்க இதை முதல் நாளே சொல்லலை?” என்று கிட்டத்தட்டக் கத்தினேன்.

ரெஜி சம்பந்தியம்மாவைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

“சம்மந்தி வீட்டில இரிந்து கையோட கொண்டுவந்த சாமான, வேணாமெண்டு எந்த வாயால சொல்லுற?” என்றார் சம்பந்தியம்மா. “உங்கட மகள் எங்கட வீட்டுப் புள்ள. நாளைக்கு அவளுக்கு, என்ட அப்பா குடுத்தத மாமி தள்ளிப்போட்டா எண்டு இரிக்கக் கூடாதுதானே. நீங்க போற நாள் வரைக்கும் இழுத்துப் பாப்பமெண்டு நான்தான் ரெஜியிட்டச் சொன்ன.”

நாலு நாள் அலைச்சல், இறால் தண்ணீர், நடுவாவியில் முதலைப் பயம், எல்லாம் எனக்குக் காட்டிய மரியாதை! எங்கள் ஊரில் சம்பந்தி கொண்டுவந்த லட்டு சரியில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். அதன்பிறகு இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இருக்காது. ஆனால் லட்டு சரியில்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். நான் தலையில் கை வைத்து வரப்பில் உட்கார்ந்தேன். என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. அவர் வண்டியை நான்தான் கொன்றேன். இனி நிபந்தனையே தேவையில்லை, வண்டி இல்லாமல் அவரால் வட்டைக்குப் போக முடியாது. அதில் எனக்கு லாபம் என்று ஊரிலிருந்து வரும்போது நினைத்திருந்தவன், இப்போது அதை நினைக்கவே கூச்சப்பட்டேன்.

ரெஜிதான் முதலில் பேசினார். “பெரியகல்லாறு வண்டியில அச்சைத்தான் உப்புத் திண்டது. கியர்ப்பெட்டி எண்ணெய்க்குள்ள இரிந்தது, நல்லா இரிக்கும். சாமித்தம்பி அண்ணன் தந்தாரெண்டாச் சரி.”

ஞாயிற்றுக்கிழமை ரெஜி சர்ச் பூசைக்குப் போய் வந்த கையோடு பெரியகல்லாறு போனோம். இந்தத் தடவை என் வேகத்தில் அவர் வந்தார். சாமித்தம்பி யோசித்தார். கியர்ப்பெட்டியைக் கழற்றினால் அவர் வண்டி வெறும் கூடு. நான் அவரிடம் சொன்னேன்: “எட்டுப் பேர் தோணி இழுக்கறீங்க. கரையில ஒரு சுற்றுப்பொறி நட்டு, கயிறு சுத்தினா ரெண்டு பேர் போதும். அதுக்கு ஒரு தண்டு வேணும். உடையவே கூடாத தண்டு.” கொண்டுவந்திருந்த என் அச்சை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினேன். பொறியைத் தானே பொருத்தித் தருவதாக ரெஜி சொன்னார். சாமித்தம்பி அச்சை வாங்கி எடை பார்த்துவிட்டு, “இரிங்க, நண்டு வருது” என்றார்.

சாயங்காலத்துக்குள் சம்பந்தியம்மா வண்டிக்கு வேறு கியர்ப்பெட்டி வந்துவிட்டது. ரெஜி ஏற்கனவே கடைந்து வைத்திருந்த, கழுத்து வைத்த மென்மையான அச்சும் ஏறிவிட்டது. இன்னொன்றும் அவர் கையில் தயாராக இருந்தது. “இந்தப் பெட்டிதான் கடைசி” என்றார். “இது போனா இலங்கையில இல்ல.”

திங்கட்கிழமை காலை தண்ணீர் முறை. வாய்க்கால் நெடுக ஆட்கள் நின்றார்கள். சம்பந்தியம்மா ஒவ்வொரு மடையாகப் போய், இவ்வளவு நேரம் உனக்கு, இவ்வளவு நேரம் அவனுக்கு என்று திறந்து விட்டுக்கொண்டே வந்தார். நான் கைத்தடியோடு பின்னால் ஓடினேன். நாலாவது மடையில் சக்கரம் அமுங்கியது. முறுக்கினார். டப்பென்று சத்தம். இடதுசக்கரம் சாய்ந்தது.

நான் குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். ரெஜி மட்டும் சிரித்தார். ஸ்பேனரை எடுத்தார், சக்கரத்தைக் கழற்றினார், மறுபக்கமாக அச்சை உருவினார். உடைந்தது அதே கழுத்தில்தான்.

சரியாக அப்போது நிரோஷன் போன் பண்ணினான்.

“மாமா, அச்சு என்ன மாதிரி? மாட்டியாச்சா?”

ஒரு பொய் சொன்னால் போதும். எந்தப் பொய் என்பதுதான் கேள்வி. உடையவில்லை என்றால் சம்பந்தியம்மா இங்கே இருப்பார். உடைந்தது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் என் மகளிடம் போவார்.

“உடைஞ்சிருச்சுங்க மாப்பிள்ளை” என்றேன்.

“அப்ப அம்மா சொன்ன சொல்லுப்படி...” என்று ஆரம்பித்தான்.

“இருங்க, முழுசாக் கேளுங்க. இது உடையறதுக்குன்னே போட்ட அச்சு. ரெஜி அடுத்ததை மாட்டிட்டு இருக்கார், முக்கால் மணி நேரத்துல முடிஞ்சிரும். உடையாததை நான் செஞ்சு கொண்டுவந்தேன். அது வண்டியையே கொன்னுருச்சு. நீங்க நிபந்தனையைத் தலைகீழாப் போட்டுட்டீங்க மாப்பிள்ளை. அச்சு உடையற வரைக்கும்தான் உங்கம்மாவால இங்க இருக்க முடியும்.” போனை மறு காதுக்கு மாற்றினேன். “அவங்க கவிதாகூட வந்து இருக்கணும்னு உங்களைவிட எனக்குத்தான் ஆசை. ஆனா இதைக் காரணம் காட்டிக் கூப்பிடாதீங்க.”

அவன் பதில் சொல்வதற்குள் நாலு வயல் தள்ளி ஒருவர் வரப்பை வெட்டித் தண்ணீரைத் திருப்பினார். வண்டி இல்லாததால் சம்பந்தியம்மா நின்ற இடத்திலிருந்தே ஒரு சத்தம் போட்டார். “டேய், மண்வெட்டியக் கீழ போடு! இப்ப அங்க வந்தனெண்டா...” வட்டையே திரும்பிப் பார்த்தது. மண்வெட்டி கீழே விழுந்தது.

போனில் நிரோஷன் சிரிப்பது கேட்டது.

“மாமா, போகக்குள்ள அளவை எடுத்துட்டுப் போங்க” என்றான். “நாலஞ்சு சேத்துச் செய்து அனுப்புங்க. கழுத்தோட.”

அன்றைக்குத் தண்ணீர் கடைசி வயல் வரை போனது. மடையை மூடிவிட்டு சம்பந்தியம்மா என்னிடம் வந்து, “அறுப்பு முடிய டொரண்டோ போய், புள்ளையக் குளிப்பாட்டி, உங்கட மகளுக்குப் பத்தியம் சமைச்சுப் போட்டுட்டு வருவன். அடுத்த விதைப்புக்குத் திரும்பிருவன்” என்றார். நான் கைத்தடியைத் துடைத்து அவரிடம் கொடுத்தேன். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன்.

ஊர் திரும்பி ஆறு அச்சு கடையக் கொடுத்தேன். என் லேத்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, “என்னங்க, இந்தக் கழுத்துல பட்டுனு ஒடஞ்சு போயிருமே?” என்றார். ஆமாம், அங்கேதான் உடைய வேண்டும் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கடைந்து கொடுத்தார். இந்தத் தடவை நான் கையில் கொண்டுபோகவில்லை. கையில் கொண்டுபோனால் நாற்காலியில் வைத்துவிடுவார்கள். பார்சலில் அனுப்பி, உள்ளே கடிதம் வைத்தேன்: அளவில் பிழை இருந்தால் தயவுசெய்து உடனே முகத்துக்கு நேரே சொல்லவும்.

சம்பந்தியம்மா போன் பண்ணினார். “எல்லாம் நல்லா இரிக்கு, சம்மந்தி.”

நம்பாமல் ரெஜிக்குத் தனியாகப் போன் போட்டுக் கேட்டேன்.

“ஓம் அண்ணன், ஓம்” என்றார்.